காது கேட்கும் கருவியை வெளியே போகும்போது மட்டும் போட்டால் போதாதா?

கேள்வி: அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் கழற்றி வைத்துவிடுகிறார், வெளியே போனால் மட்டும் போடுகிறார். அப்போதும் "ஒரே இரைச்சல்" என்கிறார். தினமும் போட்டே ஆக வேண்டுமா?

ஆமாம், தினமும் போட வேண்டும். அதிலும் முதலில் வீட்டில்தான் போட வேண்டும்.

உங்கள் அப்பா செய்வதைத்தான் நானும் முதல் எட்டு மாதம் செய்தேன். எனக்கு 48 வயதில் இரண்டு காதுக்கும் கருவி வந்தது. வீட்டில் இருக்கிற நாலு பேர் பேசுவது கேட்காமலா போய்விடும் என்று டப்பாவிலேயே வைத்திருப்பேன். கூட்டமான இடத்துக்குப் போகிற அன்று மட்டும் எடுத்து மாட்டுவேன். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று திரும்பி வருவேன்.

எட்டாவது மாதம் செக்கப்புக்குப் போனபோது, "தினமும் போடுகிறீர்களா?" என்று ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்து தருபவர்) கேட்டார். போடுகிறேன் என்றேன். அவர் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு நாளைக்குச் சராசரி 40 நிமிடம் என்று இருந்தது. இப்போதைய கருவிகள் பலவற்றில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு உள்ளேயே பதிவாகிவிடும். அது எனக்குத் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில் வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவர் சொன்னதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வயதாகும்போது காது எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி மந்தமாவதில்லை. மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் கனமான, தாழ்ந்த அதிர்வெண் பக்கம் இருக்கிறது, அது கேட்டுவிடும். இது 'ச'வா 'த'வா, 'ட'வா என்று பிரித்துச் சொல்கிற நுணுக்கம் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, அது கேட்காது. அதனால்தான் "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம். ஒருநாள் கிளம்பும்போது என் மனைவி "காசு இருக்கா?" என்று கேட்டது எனக்கு "காது இருக்கா?" என்று விழுந்தது. அதற்கு நான் கோபப்பட்டது தனிக் கதை.

இந்த இழப்பு ஒரே நாளில் வருவதில்லை. (ஒரே நாளில் வந்தால், அதுவும் ஒரு காதில் மட்டும் வந்தால், அது வேறு விஷயம். கருவி, கிருவி என்று யோசிக்காமல் அன்றைக்கே காது மருத்துவரிடம் ஓட வேண்டும்.) உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஏறக்குறைய 15,000தான் இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அவை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது, மூளை அந்த அமைதிக்குப் பழகிவிடுகிறது. கருவியை மாட்டியதும் அது மறந்துபோன சத்தமெல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. ஃபேன், காகிதம் கசங்குவது, பாத்திரம், சொந்தச் செருப்புச் சத்தம். நன்றாகக் கேட்பவருக்கும் இவை எல்லாம் கேட்கத்தான் செய்கின்றன. அவருடைய மூளை அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச்சை எடுத்துக்கொள்கிறது. நமக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. திரும்ப வருவதற்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும், அதுவும் கருவி காதில் இருந்தால்தான்.

இப்போது உங்கள் அப்பாவின் கணக்கைப் பாருங்கள். சுலபமான இடமான வீட்டில் போடுவதில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் போடுகிறார். நன்றாகக் கேட்பவரே திணறுகிற இடம் அது. நீச்சல் பழகாதவர் நேராக வெள்ளத்தில் இறங்கிய மாதிரிதான்.

நான் மறுபடி தொடங்கியபோது வீட்டில், அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேசும்போது போட்டேன். முதல் வாரம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பாத்ரூமில் குழாய் திறந்தால் அருவி. பிறகு டிவி, பிறகு நாலைந்து பேர் பேசுகிற இடம் என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆறு வாரம் இருக்கும், ஒருநாள் மாலையில்தான் கவனித்தேன், ஃபேன் சத்தம் காலையிலிருந்து என் நினைவிலேயே இல்லை. இப்போது குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும்தான் கழற்றுகிறேன்.

பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் போடுவதில்லை என்று அவர் சொன்னால், அதிலும் லாபம் குறைவு. பட்டன் மாதிரி இருக்கும் சின்ன பேட்டரிகள் துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்பவை. மேலே இருக்கிற வண்ண ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்று உள்ளே போகத் தொடங்கும். அதற்குப் பிறகு சும்மா வைத்திருந்தாலும் அது தீர்ந்துகொண்டுதான் இருக்கும். ஸ்டிக்கரைத் திருப்பி ஒட்டியும் பார்த்திருக்கிறேன், பெரிய பலனில்லை. பிரித்தபின் ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்துவிட்டு உள்ளே போட்டால் நல்லது. சார்ஜ் செய்கிற கருவி என்றால் இந்தப் பேச்சே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் "பழகிவிடும்" என்று தாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். காது வலித்தாலோ புண்ணானாலோ, மோல்டு (காதின் அளவுக்குச் செய்து உள்ளே வைக்கிற அச்சு) பொருந்தவில்லை என்று அர்த்தம். கருவி விசில் அடித்தால் அது சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போல முழங்கினால் மோல்டில் இருக்கும் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம், டோமை (காதுக்குள் போகிற மெத்தென்ற ரப்பர் முனை) மாற்றலாம். பாத்திரச் சத்தம் காதைக் குத்தினால் உச்சச் சத்தத்தின் அளவைக் குறைத்துத் தருவார்கள். இதற்கெல்லாம் இரண்டு மூன்று தடவை போகத்தான் வேண்டும். எந்த இடத்தில், எந்தச் சத்தம் தொந்தரவு என்று அப்பாவைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் அவர்களாலும் எதையும் சரிசெய்ய முடியாது. திடீரென்று ஒரு பக்கத்துக் கருவியில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால், பத்தில் ஒன்பது தடவை என் விஷயத்தில் கருவியின் ஃபில்டரில் குறும்பி அடைத்திருந்தது. கருவியில் கோளாறு இல்லை, காதே கேட்கவில்லை என்றால், முன்பு சொன்ன மாதிரி அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. கருவி போட்டாயிற்றே என்று அடுத்த அறையிலிருந்து கூப்பிடாதீர்கள். முகத்துக்கு நேரே, சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். கத்த வேண்டாம். பழுதான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். அதனால் கத்தினால் வார்த்தை இன்னும் குழம்பும்.

கருவி போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று அவரைப் பயமுறுத்தாதீர்கள். 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரை மூன்று வருடம் கவனித்த ஓர் ஆய்வு 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சிந்தனைத் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவின் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் மிரட்டுவதற்கு உதவாது. பேரப்பிள்ளை சொல்கிற ரகசியம் காதில் விழும் என்று சொல்லிப் பாருங்கள், அது வேலை செய்யலாம்.

அப்புறம், அடுத்த செக்கப்பில் அந்த மணிக்கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம்.