மைன்கிராஃப்ட் சர்வர்: 25565 போர்ட்டைத் திறந்தும் வெளியில் இருக்கும் நண்பர்களால் சேர முடியவில்லை, ஃபயர்வாலை அணைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள், ரவுட்டரில் டிஎம்இசட் (ஒரு கம்ப்யூட்டரை அப்படியே வெளியுலகத்துக்குத் திறந்துவிடும் அமைப்பு) பக்கமும் போகாதீர்கள். அதே வைஃபையில் தம்பி சேர்ந்து விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது, விண்டோஸ் ஃபயர்வாலும் பெரும்பாலும் விட்டுவிட்டது. தடை அதற்கு வெளியே இருக்கிறது.

முதலில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன எண் என்று பாருங்கள். அப்புறம் பிரவுசரில் "என் ஐபி" என்று தேடினால் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரைக்குள் வந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பழைய வகை ஐபி (ஐபிவி4) முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், அது போதாமல் இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன, அதற்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டர் வரைக்கும் வந்து சேர்வதே இல்லை. இதைப் பார்க்காமல் வார இறுதி முழுக்க போர்ட் ஃபார்வர்டிங்கோடு (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் கதை வேறு. ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கி மாட்டியதும் ஒரு ரவுட்டர். ஒன்றில் மட்டும் போர்ட் திறந்தால் மற்றது தடுத்துவிடும். ஒன்றை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி, போடுங்கள்.

எண்கள் ஒன்றாகவே இருந்தால் தவறு ஃபார்வர்டிங்கில்தான். ஜாவா பதிப்புக்கு 25565 டிசிபி, பெட்ராக் என்றால் 19132 யூடிபி, இதை மாற்றிப் போடுவது சகஜம். கம்ப்யூட்டரின் உள் முகவரி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மாறியிருக்கலாம், அதை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். சோதிப்பதை மட்டும் சொந்த வைஃபையில் செய்யாதீர்கள், சில ரவுட்டர்கள் உள்ளிருந்து தன் வெளி முகவரிக்கே போக விடாது. இன்னொரு லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள்.

சிஜிநாட் என்றால், நிறுவனத்திடம் காசு கட்டி நிலையான ஐபி கேட்கலாம். இரு பக்கமும் ஐபிவி6 (புதிய வகை ஐபி) இருந்தால் அதிலும் முடியும், ஆனால் ரவுட்டர் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டுக்கு அனுமதி தர வேண்டும். நாலைந்து நண்பர்கள்தான் என்றால் நான் டெயில்ஸ்கேல்தான் சொல்வேன், கம்ப்யூட்டர்களை ஒரே தனி நெட்வொர்க்கில் இணைக்கும் செயலி அது: எல்லோரும் நிறுவ வேண்டும், உங்கள் கம்ப்யூட்டரை அவர்களோடு பகிர வேண்டும், அவ்வளவுதான், உலகத்துக்கு எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். அது தரும் முகவரியும் 100-ல்தான் தொடங்கும், மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போர்ட் திறந்தே ஆக வேண்டுமென்றால் வொயிட்லிஸ்ட்டை (நீங்கள் சேர்த்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் பட்டியல்) ஆன் செய்யுங்கள், சர்வரைப் புதுப் பதிப்பில் வையுங்கள். 2021 டிசம்பரில் வந்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையில் சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வர் ஓடும் கம்ப்யூட்டரில் அந்நியர் புரோகிராம் ஓட்ட முடிந்தது, மைன்கிராஃப்ட் ஜாவா 1.18.1-ல்தான் சரிசெய்தார்கள். வீட்டுப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கிற அதே கம்ப்யூட்டர்தானே.

வேன் ஐபியின் முதல் இரண்டு பகுதியை மட்டும் எழுதுங்கள், முழு முகவரியைப் போட வேண்டாம், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.