ஐடிலில் செயின் சுற்றும், மகன் பழகிவிட்டான்

கேள்வி: எனக்கு வயது 44. முதுகுளத்தூர் பக்கம் கிராமம். சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு சீன 58 சிசி செயின்சா வாங்கினேன். என் அண்ணன் முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஸ்டில் கம்பெனி செயின்சா வைத்திருக்கிறார். என் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம், “பொம்மையத் தூக்கிட்டு வந்துட்டான்” என்பார். டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொன்னார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. “வேணும்னா என்னோடத எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு” என்று மதினியிடம் சொல்லி அனுப்பினார். நான் தொடவில்லை. என் மெஷின் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும், ஐடிலில் செயின் லேசாகச் சுற்றும், அது அந்த மாடலுக்கே உள்ள குணம். கட்டையைப் பிடித்துக்கொள்கிற என் மகனும், ப்ளஸ் ஒன் படிக்கிறான், அதற்குப் பழகிவிட்டான். விலை குறைவு என்றால் மட்டமா? அண்ணன் வாயை எப்படி அடைப்பது? பெயர் வேண்டாம்.

பதில்: அண்ணன் தம்பி சண்டை இல்லாமல் இந்தப் பகுதிக்கு ஒரு வாரத் தபால் வருவதில்லை. வரப்பு, டிராக்டர், அம்மாவின் நகை. இந்த முறை செயின்சா. உங்கள் அண்ணன் வாயை அடைக்க வழி சொல்லப்போவதில்லை. மூத்தவர் கேலி செய்வார், இளையவர் கேட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அதில் யாருக்கும் கையும் காலும் போய்விடாது.

கையும் காலும் போகிற விஷயத்தைக் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஐடிலில் செயின் சுற்றுமாம். மகன் பழகிவிட்டானாம்.

அந்தப் பிள்ளை எதற்குப் பழகியிருக்கிறான் என்று யோசித்தீர்களா? அப்பா ஆக்சிலேட்டரை விட்டாலும் செயின் நிற்காது என்பதற்கு. நிற்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் பெரியப்பா சொன்னது உண்மையாகிவிடும், அப்பாவுக்குக் கோபம் வரும் என்பதற்கு. கட்டையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, சுற்றுகிற செயினிலிருந்து காலை விலக்கி வைத்துக்கொள்ள அவனே ஒரு வித்தை கண்டுபிடித்திருப்பான். உங்கள் மெஷினுக்கு உங்கள் வீட்டில் அவன்தான் உண்மையான வக்கீல். பதினாறு வயதுப் பையன் தன் விரல்களை வைத்து அப்பாவின் வீம்புக்கு வாதாடிக்கொண்டிருக்கிறான். பெற்ற பிள்ளையை இப்படி நிறுத்துகிற அப்பாவுக்கு அண்ணன் கேலியைப் பற்றிப் புகார் சொல்லும் தகுதி கிடையாது.

இனி மெஷினுக்கு வருவோம். ‘மாடலுக்கே உள்ள குணம்’ என்பது பொய். எந்தக் கம்பெனி செயின்சாவாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஐடிலில் செயின் நிற்க வேண்டும். உள்ளே இருப்பது சுற்றும் வேகத்தில் விரிகிற கிளட்ச். நிமிடத்துக்கு 2,800 முதல் 3,000 சுற்று வரை ஸ்பிரிங் கிளட்ச் கட்டைகளை உள்ளிழுத்து வைத்திருக்கும், டிரம்மைத் தொட விடாது. அதற்கு மேல் நன்றாக வேகம் ஏறும்போதுதான் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், செயின் ஓடும். ஐடிலில் செயின் சுற்றினால் ஐடில் வேகம் கூடியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது டிரம்முக்குள் இருக்கும் ஊசி பேரிங் காய்ந்து போய் டிரம்மையும் சேர்த்து இழுக்கிறது. நான்காவதாக ஒரு காரணம் தேட வேண்டாம்.

உங்களுடையதில் முதலாவதாகத்தான் இருக்கும். இந்த வகை மெஷின்களில் கதை எப்போதும் இப்படித்தான் போகும். ஒருநாள் ஐடிலில் நிற்காமல் அணைந்து போக ஆரம்பித்திருக்கும். நீங்களோ மெக்கானிக்கோ ‘டி’ திருகை இறுக்கி ஐடிலை ஏற்றிவிட்டிருப்பீர்கள். மெஷின் அணையவில்லை, செயின் சுற்ற ஆரம்பித்தது. ஏன் அணைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட்டில் வெடிப்பு விட்டிருக்கும், அல்லது அதைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் அதிர்வில் தளர்ந்திருக்கும், அல்லது பெட்ரோல் குழாய் டேங்குக்குள் நுழைகிற இடத்தில் விறைத்துக் கீறியிருக்கும்.

கசிகிறதா என்று பார்க்க எளிய வழி: முழு ஆக்சிலேட்டர் கொடுத்துவிட்டு விடுங்கள். சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கினால் காற்று கசிகிறது. பிளக்கைக் கழற்றியும் பாருங்கள். நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதில்தான் உங்கள் இரண்டு வருஷப் பெருமை போகப்போகிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் கோடு விழும், ஒரு நாள் பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆகும். அன்றைக்கு டீக்கடையில் அண்ணன் சொல்வதற்கு நீங்களே சாட்சி தேடிக் கொடுத்திருப்பீர்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள், மெக்கானிக் வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கரிமூட்டத்துப் பக்கம் ஓடுகிற மெஷினில் அது சாம்பலால் அடைத்திருக்கும், சில சமயம் நோயே அதோடு முடிந்துவிடும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. கார்புரேட்டரை இறக்கி ரப்பர் பூட்டை வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு வளைத்தால்தான் வாய் திறக்கும். திருகுகளைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) வைத்து இறுக்குங்கள். சைலன்சர் போல்ட்டுக்கு லாக்டைட் வேண்டாம், அந்தச் சூட்டில் தாங்காது. இன்ஜின் ஆறிய பிறகு வாரம் ஒருமுறை சாவி போட்டுப் பார்த்தால் போதும். இந்த மெஷின்களில் முதலில் கழன்று விழுவது அதுதான். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரைக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்து, குழாயோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், மட்டமான ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். கலந்த பெட்ரோலை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். கலவை 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய். அண்ணன் மெஷினுக்கு 50-க்கு 1 போடுகிறார் என்று பார்த்து நீங்களும் 20 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

அதன் பிறகு டியூனிங். செயினைச் சரியான டென்ஷனில் வைத்து, பார் (செயின் ஓடுகிற நீளத் தகடு) நுனி எதிலும் படாமல் மெஷினைத் தரையில் வையுங்கள். பக்கத்தில் யாரும் வேண்டாம், முக்கியமாக உங்கள் மகன். கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான ‘எல்’, முழு வேகத்துக்கான ‘எச்’ என்ற இரண்டு பெட்ரோல் திருகையும் மெதுவாக உள்ளே தொடும்வரை திருகி, ஒன்றேகால் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தித் திருகினால் ஊசி முனை கெட்டுவிடும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சூடாகட்டும். ‘எல்’லை இப்படியும் அப்படியும் திருப்பி ஐடில் எங்கே அதிகமாகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று இடப்பக்கம் திறந்துவிடுங்கள். கடைசியாக ‘டி’. செயின் முழுதாக நிற்கும்வரை இடப்பக்கம் திருப்புங்கள், நின்ற பிறகு இன்னும் ஒரு துளி. மெஷின் அணையாமல் நின்றால் முடிந்தது. அணைந்தால் கசிவு இன்னும் இருக்கிறது, திரும்பவும் அந்த ரப்பர் பூட்டைப் போய்ப் பாருங்கள். ‘டி’யைத் தொடாதீர்கள்.

‘எச்’சை மட்டும் காதை நம்பி வையுங்கள். கட்டையில் இல்லாமல் முழு வேகத்தில் லேசாகக் கரகரவென்று இருக்க வேண்டும், கட்டையில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். கீச்சென்று கத்தினால் அரைக்கால் சுற்று திறந்துவிடுங்கள்.

ஐடில் நன்றாக இறங்கியும் செயின் சுற்றினால் கிளட்ச்தான். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் மேலே ஏறி எக்ஸாஸ்ட் துளையை மூடிய பிறகு, ஸ்டார்ட்டர் கயிறு கனத்தில் முடிச்சுப் போட்ட கயிறைச் சிலிண்டருக்குள் விடுங்கள். இன்ஜின் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். இரும்பை விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும். கிளட்ச் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பலத்தைக் காட்டித் தப்பான பக்கம் இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். ஸ்பிரிங்கை மாற்றி, ஊசி பேரிங்கில் விரல்நுனி கிரீஸ் வைத்துப் போடுங்கள்.

“பிரேக் போட்டுவிட்டால் சுற்றாதே” என்று உங்கள் மனதில் ஓடும். சுற்றாது. ஆனால் உள்ளே கிளட்ச் டிரம்மோடு உரசிச் சூடேறும், அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் எண்ணெய் பம்ப் பல்லையும் கெடுக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போடுவது வேறு, அது கட்டாயம்.

அடுத்தது, கட்டையைப் பிடிக்க ஆள் எதற்கு? கருவேலம் நேராக வளர்கிற மரமா? வளைந்து, ஒரு பக்கம் இழுவையோடு நிற்கும் கிளை. இழுவைப் பக்கமான வெளிவளைவை முதலில் அறுத்தால் நுனி எகிறும். எகிறுகிற இடத்தில் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உள்வளைவுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு முதலில் அறுத்து, பிறகு வெளிவளைவுப் பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். வெட்டிய கட்டைக்கு ஒரு தாங்கி செய்யுங்கள். நாலடிக் கம்பு நாலு. இரண்டிரண்டாகப் பெருக்கல் குறி வடிவில் போல்ட் போட்டு, இரண்டையும் மூன்றடி இடைவெளியில் சட்டத்தால் இணையுங்கள். குறுக்குச் சந்தியில் கட்டை உட்காரும். தாங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் அறுங்கள், துண்டு தானாக விழும், பார் இறுக்காது. அரை நாள் வேலை, மரமும் உங்களுடையதே. அறுக்கும்போது பத்தடிக்குள் யாரும் கூடாது. மரம் சாய்க்கும்போது மர உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம். செருப்போடு நின்று அறுப்பவர் என்றால் அதையும் இன்றோடு விடுங்கள்.

பையன் உதவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா தொழிலில் பிள்ளை கை கொடுப்பது நல்லதுதான். இன்ஜின் அணைந்த பிறகு அடுக்கட்டும். அரம் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம், 30 டிகிரி, ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு, இரண்டு பக்கமும் சமமாக. கருவேலம்பட்டையில் ஒட்டியிருக்கும் மண் செயினை மழுக்கும். சில்லாக விழாமல் மாவாக விழுந்தால் தீட்டும் நேரம். இதுவே போதும், அவன் படிக்கிற பையன்.

மெஷின் மட்டமா என்றும் கேட்டீர்கள். உடல் வடிவம் ஜப்பானிய ஜெனோவாவின் பழைய மாடலைப் பார்த்துச் செய்தது, கெட்ட வம்சம் இல்லை. அந்த ஜெனோவாவை 2007-ல் ஸ்டில்லின் போட்டியாளரான ஹஸ்க்வர்னாவே வாங்கிக்கொண்டது. உதிரி எங்கும் கிடைக்கும், பிஸ்டன் சிலிண்டர் செட்டே மலிவு. மோசம் எது என்றால் ரப்பர், போல்ட், கூட வருகிற பாரும் செயினும். நல்ல செயினாக மாற்றுங்கள், பிட்ச் 0.325, கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் லிங்க்கின் தடிமன்) 0.058, 20 அங்குல பாருக்கு அந்த லிங்க் பெரும்பாலும் 76, பழையதை எண்ணிவிட்டு வாங்குங்கள். ‘58 சிசி’ என்று மட்டும் டீக்கடையில் மார்தட்டாதீர்கள். 52 என்று விற்பதற்குப் பிஸ்டன் 45 மி.மீ., 58-க்கு 45.2. ஸ்டிரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றே என்றால் அந்த வித்தியாசம் அரை சிசிகூடத் தேறாது, மிச்சம் ஸ்டிக்கர். தினமும் இரண்டு மணி நேரம் அறுக்க இது தாங்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கரிக்கட்டை அறுக்க இது ஏற்ற மெஷின் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வது சரி.

ஐடிலில் செயின் நிற்கும்வரை இந்த மெஷினால் ஒரு கட்டைகூட அறுக்கக் கூடாது, சரிபார்க்க மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். அதுவரை வேலை நிற்கக் கூடாது என்றால் மதினியிடம் அண்ணன் சொல்லி அனுப்பிய அவர் மெஷினைப் போய் வாங்குங்கள். மகனை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். கேலி செய்தால் செய்யட்டும். திருப்பிக் கொடுக்கும்போது செயினைத் தீட்டி, ஃபில்டரைக் கழுவி, பெட்ரோலும் செயின் எண்ணெயும் நிரப்பிக் கொடுங்கள். அதில் 50-க்கு 1, மறந்துவிடாதீர்கள்.