மாறுவேடப் பெண் போலீஸ் படங்கள்: பழைய ஆபரேட்டர் பதில்கள்

சேலம் ஏரியா தியேட்டர்களில் படம் ஓட்டியவன் நான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்த சின்ன பட்ஜெட் படங்களைப் பற்றிக் கேளுங்கள். நடுவில் ஒட்டி ஓட்டும் ஆபாசத் துண்டான 'பிட்டு' பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

பாலக்கோடு: அண்ணா, நாயகி ஏன் எப்போதும் மாறுவேடத்திலேயே போகிறாள்?

எல்லாம் காசுதான் தம்பி. யூனிஃபார்மில் வந்தால் ஸ்டேஷன் வேண்டும், ஜீப் வேண்டும், பின்னால் நிற்க நாலு கான்ஸ்டபிள் வேண்டும். மாறுவேடம் என்றால் கமிஷனர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபைலை நீட்டுவார். காவல்துறை செலவு அதோடு முடிந்தது. அடுத்த சீனில் அவள் வில்லனின் கிளப்பில் ஆடுவாள். போஸ்டருக்குப் படம் கிடைத்தது, 'கடமைக்காக ஆடினாள்' என்று சாக்கும் கிடைத்தது. கடைசி ரீலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டால் குடும்பத்தோடு வந்தவரும் திட்ட மாட்டார். அமெரிக்காவிலும் இதே கணக்குதான். லீ ஃப்ராஸ்டின் 'போலீஸ்விமன்' (1974) படத்தில் சாண்ட்ரா கரி தங்கம் கடத்தும் கும்பலுக்குள் நுழைவார். போஸ்டரை நம்பிப் போகாதீர்கள், அங்கேயும்தான்.

அரூர்: பிட்டு ஓட்டியது உண்மையா?

சென்சார் பார்க்காத துண்டை ஒட்டி ஓட்டுவது 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம். அடுத்தவர்.

ஓசூர்: 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.'தானே இதற்கெல்லாம் ஆரம்பம்?

இல்லவே இல்லை. அது 1990இல் வந்த தெலுங்கு 'கர்த்தவ்யம்' படத்தின் டப்பிங். விஜயசாந்திக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ஓசூர்: நாங்கள் தெலுங்கிலேயே பார்த்தவர்கள். அதிலும் அடிதடிதானே?

அடிதடி எந்தப் படத்தில்தான் இல்லை? அவர் காக்கியோடு எதிரியின் முன்னால் போய் நிற்கிறார். நான் சொல்லும் படங்களில் காக்கி போஸ்டரில் மட்டும்தான் இருக்கும்.

காவேரிப்பட்டணம்: ஓசூர்க்காரர் சொல்வதும் சரிதானே? இரண்டுக்கும் விசில் ஒன்றுதான்.

விசில் அடித்தவர் ஒன்றாக இருக்கலாம். படம் ஒன்றல்ல.

கிருஷ்ணகிரி: நிஜத்தில் பெண் போலீஸ் இப்படித் தனியாகப் போவாரா?

விபசாரத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சோதனைக்குப் போனாலே குறைந்தது இரண்டு பெண் போலீஸ் உடன் இருக்க வேண்டும். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

ஊத்தங்கரை: அந்தப் பிட்டு...

மேலே அரூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பென்னாகரம்: ஒகேனக்கல் பரிசலில் சண்டை வைத்தால்?

செட் செலவு மிச்சம். பரிசல்காரருக்கு முதலில் பணம் கொடுங்கள்.

ஓசூர்: கடைசியாக ஒன்று, விஜயசாந்தி...

ஓசூருக்கு இனிப் பதில் கிடையாது. வேறு யாராவது?