காலை 9 மணிக்கு மட்டும் திணறும் விடிஐ
வணக்கம் சார். அறுபது பேரை மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கு (விடிஐ: ஒவ்வொருவரின் விண்டோஸும் சர்வரிலேயே ஓடும் ஏற்பாடு) மாற்றியதிலிருந்து காலை 9 மணிக்கு லாகின் ஆகப் பத்து நிமிடம், 10 மணிக்கு மேல் எல்லாம் சரி என்கிறீர்கள். சர்வரில் ரேம் கூட்ட அவசரப்படாதீர்கள். இடிப்பது ஸ்டோரேஜாகத்தான் இருக்கும். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 80 முதல் 100 தடவைதான் படிக்கும், எழுதும். அறுபது விண்டோஸ் ஒரே நேரத்தில் எழுந்தால் உங்கள் எட்டு டிஸ்க் எந்த மூலைக்கு?

முதலில் காசு செலவில்லாத வேலை: மெய்நிகர் மெஷின்கள் 8 மணியிலிருந்தே பத்துப் பத்தாகத் தானே ஆன் ஆகும்படி நேரம் வையுங்கள். ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் காலையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஆபீசில் கடைசியில் மாட்டியது அதுதான். அப்புறமும் இழுத்தால் மாஸ்டர் இமேஜை, அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான மூல விண்டோஸ் பிரதியை, எஸ்எஸ்டிக்கு (சுழலாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். லாகினில் ஏறும் யூசர் புரொஃபைல் (அவரவர் செட்டிங்ஸ், ஃபைல்கள்) ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி?