மைல்ஸ் ஏன் தடக்கித் தடக்கி ஓடுகிறான்? ஸ்பைடர்-வெர்ஸ் கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் இந்த விடுமுறைக்குச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018), ‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ (2023) இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் போட்டோம். பார்த்தவர்கள் துண்டுத் தாளிலும் வட்ஸ்அப்பிலும் கேட்டவற்றுக்கு இங்கே பதில். கலியாண வீடியோ எடிட் செய்வது என் தொழில், காமிக்ஸ் வாசிப்பது என் வியாதி. அந்தத் தகுதியில்தான் என்னைப் பிடித்து இருத்தினார்கள். படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்துங்கள், கதை முழுக்க வெளியே வரும்.

பரந்தன் தம்பி: அண்ணை, முதல் படத்தில் மைல்ஸ் ஓடும்போது தடக்கித் தடக்கிப் போகிறான். புரொஜெக்டர் பிழையா, உங்கட லப்டொப் இழுக்கவில்லையா?

லப்டொப்பில் பழி போடாதேங்கோ! அதிகம் பேர் கேட்டது இதைத்தான், ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 ஃபிரேம் ஓடும். வழக்கமான கணினி அனிமேஷனில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உடம்பின் நிலை மாறும். இந்தப் படத்தில் பல இடங்களில் ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு அப்படியே பிடித்து வைத்தார்கள். அப்போது செக்கனுக்கு 12 நிலைதான். பனி மூடிய காட்டுக்குள், புதிதாய் ஸ்பைடர்மான் ஆன பொடியன் மைல்ஸும் அவனுக்குப் பழக்கிவிடும் மூத்த ஸ்பைடர்மான் பீட்டரும் வலையில் தொங்கிப் போகும் இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். பீட்டர் 24இல் போகிறான், மைல்ஸ் 12இல் போகிறான். ஒரே ஷாட்டுக்குள் இரண்டு பேருக்கும் இரண்டு கணக்கு. பீட்டர் பல வருடம் பழகியவன், வழுக்கிக்கொண்டு போகிறான். மைல்ஸுக்குத் தன் உடம்பே இன்னும் பிடிபடவில்லை. அதை யாரும் வாயால் சொல்லவில்லை, கண் தானாக உணர்கிறது. கடைசியில் அவன் தேறியதும் அந்தத் தடக்கல் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. வேகமாக நகரும் பொருளின் பின்னால் மங்கலாக ஒரு இழுவை விழுமே, அதையும் எடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒரு காமிக்ஸ் கட்டம் துலக்கமாக நிற்பது அதனால்தான்.

இரண்டு பேர், “எங்கட வீட்டுப் புது ரிவியில் இது வழுவழுவென்று வடிவாய் ஓடுது” என்று எழுதியிருந்தார்கள். அதுதான் உண்மையான பிழை. படத்தில் இல்லாத ஃபிரேம்களை ரிவி தானே உருவாக்கி இடையில் செருகுகிறது. மனிதர்கள் கணக்குப் பார்த்து வைத்த தடக்கலை மெஷின் மெழுகிப் பூசிவிடுகிறது. பிக்சர் செட்டிங்ஸுக்குள் ‘மோஷன்’ என்ற சொல்லோடு ஏதாவது இருக்கும், ஓஃப் பண்ணிவிட்டுப் பாருங்கள்.

விசுவமடு அக்கா: பின்னுக்கு இருக்கிற கட்டடங்கள் சிவப்பு, நீலம் என்று இரட்டையாய்த் தெரிந்தன. 3டி கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய படமா?

வெளிநாட்டுத் தியேட்டர்களிலும் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடி வேண்டாம் அக்கா. பழைய காமிக்ஸை நாலு நிறத்தைத் தனித்தனியாக ஒன்றன் மேல் ஒன்று வைத்து அச்சடித்தார்கள். கோயில் திருவிழா நோட்டீஸில் அம்மன் முகத்துச் சிவப்பு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்குமே, அதே விஷயம். தூரத்தில் இருப்பதை மங்கலாக்க வேண்டிய இடங்களில், மங்கலாக்காமல் நிறத்தை விலக்கி வைத்தார்கள். முகங்களில் தெரியும் புள்ளிகளும் அந்த அச்சில் இருந்து வந்தவைதான்.

வட்டக்கச்சித் தங்கச்சி: மைல்ஸ் கட்டடத்தில் இருந்து குதிக்கிற இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ ஹீரோ குதிக்கிறான், இதில் மட்டும் ஏன்?

கமராவைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் தங்கச்சி. மைல்ஸ் கீழே விழுகிறான், ஆனால் திரையில் அவன் மேலே எழும்புகிறான். திரைக்கதையிலேயே அவன் விழவில்லை, உயர்கிறான் என்று எழுதி வைத்துத்தான் எடுத்தார்கள். அப்புறம் அந்தக் கண்ணாடிச் சில்லுகள். பயம் வந்தால் மைல்ஸின் கை எதிலும் ஒட்டிக்கொள்ளும், முன்னமே வேறொரு உலகத்து ஸ்பைடர் பெண்ணான குவெனின் தலைமுடியில் ஒட்டி அவளுக்கு அரைமொட்டை விழுந்தது ஞாபகம் இருக்கும். குதிக்கும்போதும் விரல்கள் கண்ணாடியில் ஒட்டியபடிதான் இருக்கின்றன, சில்லு உடைந்து கையோடு வருகிறது. அதாவது பயம் போகவில்லை, பயத்தோடேயே குதித்துவிட்டான். உங்களுக்குக் கண்ணீர் வந்தது அந்தச் சில்லுகளால் என்றுதான் நான் நினைக்கிறேன். பாட்டுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம்.

புதுக்குடியிருப்பு ஐயா: பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். அட்டை கிழிந்த இரும்புக்கை மாயாவியைப் பத்து வீடு மாற்றி வாசித்தோம். அவர் ஒருவர் போதுமாயிருந்தது. இதில் ஏன் இத்தனை ஸ்பைடர்மான்?

ஐயா, முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. அதுவும் இங்கிலாந்துக் கதை, தமிழுக்கு வந்து எங்கட ஆள் ஆகிவிட்டது. ஸ்பைடர்மானும் அப்படி ஊர் மாறி, ஆள் மாறி வந்தவர். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பீட்டர் பார்க்கரை உருவாக்கினார்கள். 2011இல் பிரையன் மைக்கல் பெண்டிஸும் சாரா பிக்கெல்லியும் கறுப்பின அப்பாவுக்கும் புவேர்ட்டோ ரிக்கோ அம்மாவுக்கும் பிறந்த மைல்ஸைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் ‘ஒருவர் போதாதா?’ என்று சண்டை பிடித்தவர்கள் இருந்தார்கள். லீயும் டிட்கோவும் 2018இல், படம் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். மைல்ஸுக்கு உடுப்பு விற்கும் கடைக்காரக் கிழவர் ஸ்டான் லீயேதான்.

மாங்குளம் தம்பி: பவித்ர் பிரபாகருக்குத் தமிழிலும் சுப்மன் கில்தான் குரலா?

இல்லை, ஹிந்தியிலும் பஞ்சாபியிலும் மட்டும். இரண்டாம் படத்தில் வரும் இந்திய ஸ்பைடர்மானான பவித்ர் 2004இல் காமிக்ஸில் வந்தவர். அவருடைய மும்பாட்டன் நகரத்துக்குப் பழைய இந்திரஜால் காமிக்ஸை மாதிரியாகக் கொண்டதாகப் படக்குழு சொல்லியிருக்கிறது. புதுக்குடியிருப்பு ஐயா அந்த இடத்தை மட்டுமாவது திரும்பப் பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவில் இருந்து இரண்டு பேர், ஒரே கேள்வி: மிகுவல் சொல்வது சரிதானே? ஒரு ஆள் செத்தால் ஒரு உலகமே தப்பும் என்றால் விடத்தானே வேண்டும்?

இரண்டாம் படத்தின் நடுமுள் இதுதான். ஒவ்வொரு ஸ்பைடர்மானுக்கும் சில இழப்புகள் நடந்தே தீரும், தடுத்தால் அந்த உலகம் குலையும் என்பது, பல உலகத்து ஸ்பைடர்மான்களுக்குத் தலைவனான மிகுவலின் கணக்கு. மைல்ஸின் அப்பா பொலிஸ் கப்டன் ஆகப்போகிறார், ஆனதும் சாவார், நீ பேசாமல் இரு என்கிறான். அந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு பொடியன், “உன்ர அப்பா என்றால் விடுவியா?” என்று கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கை இந்த மண்ணில் வெறும் கதையாகக் கேட்க ஏலாது.

சரி, படத்துக்குள்ளேயே பார்ப்போம். மிகுவலின் ஆதாரம் என்ன? இன்னொரு உலகத்தில் செத்துப்போன இன்னொரு மிகுவலின் இடத்தில் போய்க் குடியிருந்தான், அந்த உலகம் அழிந்தது. அதனால் அழிந்தது என்பது அவனுடைய முடிவு. மும்பாட்டனில் மைல்ஸ் இன்ஸ்பெக்டர் சிங்கைக் காப்பாற்றியதும் நிலத்தில் ஓட்டை விழுந்தது உண்மைதான், ஆனால் சற்று முன்பு வில்லன் ஸ்பொட் அங்கே கொலைடரை, அதாவது உலகங்களுக்கு இடையே வழி திறக்கும் மெஷினை, போட்டுக் குழப்பியதும் உண்மைதானே? ஓட்டைக்குக் காரணம் எது? ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை பிடிப்பது இதில்தான்.

எனக்குப் பெரிய சாட்சி குவெனின் அப்பா. அவரும் கப்டன், அவரும் சாக வேண்டியவர். அவர் வேலையை விட்டுவிட்டேன் என்கிறார், அவ்வளவுதான். உலகம் உடையவில்லை. அதைக் கேட்டதும் குவெனின் முகத்தைப் பாருங்கள், சுற்றியிருக்கும் நிறங்கள் மாறுவதையும் பாருங்கள். அவளுடைய உலகத்தில் சுவரின் நிறமே மனநிலைக்கு ஏற்ப மாறும். மிகுவல் கெட்டவன் இல்லை, ஆனால் அவன் கணக்குப் பிழை என்பது என் கட்சி. மூன்றாம் படம் வேறு மாதிரிச் சொன்னால் அப்போது சண்டை பிடிப்போம்.

மல்லாவி அண்ணா: இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருத்திவைத்து ‘தொடரும்’ போட்டால் என்ன நியாயம்? எப்ப மிச்சம்?

கோபம் நியாயம்தான், 140 நிமிடம் அல்லவா. முதலில் இதைப் ‘பாகம் ஒன்று’ என்றுதான் அறிவித்தார்கள், பிறகு பெயரில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கக் கூடாது. ‘பியோண்ட் த ஸ்பைடர்-வெர்ஸ்’ 2024 மார்ச்சில் வரவேண்டியது, தள்ளித் தள்ளி இப்போது 2027 ஜூன் என்கிறார்கள்.

தாமதத்தை மட்டும் நான் திட்ட மாட்டேன். 2023இல் பெயர் சொல்லாமல் ஒரு அமெரிக்க இதழிடம் பேசிய ஊழியர்கள், முடித்த காட்சிகளையே திரும்பத் திரும்ப மாற்றவைத்தார்கள், ஒரு நாளைக்கு 11 மணித்தியாலம், கிழமைக்கு ஏழு நாள் வேலை, தாங்காமல் சுமார் 100 பேர் விலகினார்கள் என்று சொன்னார்கள். தயாரிப்புப் பக்கம் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் கலியாண வீட்டுக்காரர் ஒரு அல்பத்துக்கு மூன்று தரம் பாட்டு மாற்றச் சொன்னாலே எனக்குத் தலை சுற்றும். ஆறுதலாக எடுக்கட்டும்.

வவுனியா தங்கச்சி: தியேட்டரில் பார்த்ததும் பிறகு வீட்டில் பார்த்ததும் சில இடத்தில் வேறாய் இருந்தது. எனக்குத்தான் அப்படியா?

இல்லை, உங்கள் கண் நல்ல கண். இரண்டாம் படத்தின் வெவ்வேறு பிரதிகள் ஒரே நேரத்தில் தியேட்டர்களுக்குப் போயின, சில வசனங்களும் ஷாட்களும் வேறுபட்டன. படக்குழுவில் இருந்தே அதை ஒத்துக்கொண்டார்கள்.

அதே தங்கச்சி: இரண்டாம் படத்துக்கு ஒஸ்கார் ஏன் கிடைக்கவில்லை?

முதல் படம் 2019இல் வாங்கியது. 2024இல் மியாசாக்கியின் ‘த போய் அண்ட் த ஹெரன்’ வாங்கியது. அதையும் பாருங்கள், பிறகு கோபிக்கலாம்.

ஒட்டுசுட்டான் தம்பி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கு. இப்படிச் செய்யப் பழக ஏலுமா?

ஓம். ஃபிளிப்பாக்ளிப் போன்ற செயலியில் விரலாலேயே வரையத் தொடங்கலாம். ஒரு பந்து விழுந்து துள்ளுவதை ஒழுங்காகச் செய்யும்வரை ஸ்பைடர்மானைத் தொடாதே. கொம்பியூட்டர் கைக்கு வந்தால் பிளெண்டர் இலவசம். இரண்டாம் படத்தில் லெகோ உலகம் வருகிறதே, அந்தக் காட்சியைச் செய்தது ரொறன்ரோவில் 14 வயதுப் பொடியன். படத்தின் ட்ரெய்லரை லெகோவில் திரும்பச் செய்து இணையத்தில் போட்டான், தயாரிப்பாளர்கள் கண்டு வேலை கொடுத்தார்கள்.

முன்வரிசையில் இருந்த சின்னவர்: பன்றி எங்கே போச்சு?

இரண்டாம் படத்தின் கடைசி ஷாட்டைப் பார்க்காமல் நித்திரையாகிப் போனாய் என்று உன் அம்மா சொன்னார். குவென் கூட்டிவரும் ஆட்களுக்குள் உன்ர ஸ்பைடர்மான் பன்றியும் நிற்குது ராசா.