அபடைட்டா வேற கல்லா, கண்டுபிடிக்கிறது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நியான் நீலத்துல ஒரு கல் இருக்கு. பரைபா டூர்மலின்னு (நியான் நீலத்துக்கு பேர்போன டூர்மலின் ரத்தினம்) குடுத்தாங்க, பாத்தவங்க அது அபடைட்ங்கிற வேற கல்லுங்கிறாங்க. எப்படி பிரிக்கிறது?

பதில்: ரிஃப்ராக்டோமீட்டர்ல (கல்லுக்குள்ள ஒளி எவ்ளோ வளையுதுன்னு, அதாவது ஒளிவிலகல் எண்ணை காட்டுற கருவி) வைங்க, ஆனா ஒரே ரீடிங்க வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, ஏன்னா ரெண்டு கல்லும் 1.62-லேர்ந்து 1.64 பக்கம்தான் நிக்கும். கல்லை மெதுவா திருப்பிக்கிட்டே, ரீடிங்கை காட்டுற நிழல் கோட்டை பாருங்க. டூர்மலின்னா கோடு ரெண்டா பிரிஞ்சு நடுவுல 0.018, 0.020 அளவுக்கு இடைவெளி வரும், தப்பவே தப்பாது. அபடைட்ல 0.003 பக்கம்தான், கோடு லேசா அசையுற மாதிரி இருக்கும், அவ்ளோதான். இதை கவனிக்காம கண்ணாடின்னு எழுதிடுறவங்களும் உண்டு. ஐபீஸ் மேல போலரைசிங் ஃபில்டரை வெச்சு திருப்பினா அந்த அசைவு நல்லா பிடிபடும். டைக்ரோஸ்கோப் (கல்லோட ரெண்டு நிறத்தை பக்கத்து பக்கத்து ஜன்னல்ல பிரிச்சு காட்டுற சின்ன கருவி) இருந்தா அதுலயும் பாருங்க, நீல அபடைட்னா ஒரு ஜன்னல்ல அடர் நீலம், இன்னொண்ணுல கிட்டத்தட்ட நிறமே இல்லாம இல்ல லேசா மஞ்சளா தெரியும்.

கேள்வி: சார், எங்கிட்ட தராசு மட்டும்தான் இருக்கு.

பதில்: தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போடுங்க. காத்துல 1.59 கேரட், தண்ணில 1.09 கேரட்னா குறைஞ்சது 0.50, காத்து எடையை இதால வகுத்தா 3.18, இதுதான் ஒப்படர்த்தி, அபடைட்டுக்கு சரியா வருது. டோபாஸ் 3.53, அதனால அது ஈஸியா விலகிடும். டூர்மலின் 3.06 பக்கம்ங்கிறதால சின்ன கல்லுல இதை நம்ப முடியாது.

கேள்வி: அபடைட்டோட கடினம் மோஸ் அளவுகோல்ல (1-லேர்ந்து 10 வரை) 5 தானே, கத்தியால கீறி பாத்தா?

பதில்: ஐயோ, வேணாம்! கல்லே போயிடும். 10 மடங்கு லென்ஸ்ல பட்டை விளிம்பை பாருங்க, போட்டு பழகின கல்லா இருந்தா மழுங்கி இருக்கும். அது ஒரு க்ளூ மட்டும்தான், ஆதாரம் இல்ல.

கேள்வி: மஞ்சள் கல் அபடைட்டான்னு பாக்க?

பதில்: ஸ்பெக்ட்ராஸ்கோப், அதாவது கல் வழியா வர்ற ஒளியை நிறமாலையா பிரிச்சு காட்டுற கருவி. 580 நானோமீட்டர் பக்கத்துல மெல்லிசான கோடுங்க கூட்டமா நிக்கும், நியோடிமியம், பிரேசியோடிமியம்ங்கிற அருமண் தனிமங்கள் கலந்திருக்கிறதால வர்றது. மெக்சிகோ துராங்கோ கல்லுல இது அழகா தெரியும். அதே தனிமங்களை கலந்து செஞ்ச கண்ணாடிலயும் இந்த மாதிரி கோடு வரும், அதனால கண்ணாடியை பிரிச்சு காட்ட, கூடவே போலரிஸ்கோப்லயும் (ரெண்டு போலரைசிங் ஃபில்டருக்கு நடுவுல கல்லை திருப்பி பாக்குற கருவி) பாத்துடுங்க.

கேள்வி: பூனைக்கண் அபடைட்டை வைடூரியம்னு வித்தா?

பதில்: வைடூரியத்துக்கு ரிஃப்ராக்டோமீட்டர் ரீடிங் 1.75, அபடைட்டுக்கு 1.63. குழப்பமே இல்ல.