முதலில் அந்த இரண்டு அட்டையையும் முடியுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஆறு வருடமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். பகலில் சோறு, இரவில் புட்டு, இடியப்பம், கொத்து. நாளுக்கு 35,000 ரூபா விற்பனை. சாமான், காஸ், சம்பளம், வாடகை எல்லாம் போக 4,000 மிஞ்சும். பக்கத்து அறையையும் எடுத்து ஏ.சி. போட, வங்கி முகாமையாளர் 20 இலட்சம் தரலாம் என்கிறார். மனைவியின் சீதன வீட்டு உறுதியை ஈடாகக் கேட்கிறார். லீசிங் தவணையில் ஒரு வான் வண்டியும் எடுக்கலாமாம். மனைவியின் தம்பி வெளிநாடு போக வெளிக்கிட்டதால் அவருக்கு அடிக்கடி காசு கொடுக்க வேண்டி வந்தது. அதற்காக நாள் வட்டிக்கு ஒரு இலட்சம் படி இரண்டு அட்டை (நாளாந்தம் கட்டும் காசைக் குறிக்கும் கடன் அட்டை) போட்டு எடுத்த இரண்டு இலட்சம் இன்னும் 60 நாள் கட்ட இருக்கிறது. வங்கிக் கடனை எடுக்கவா? இரவில் நித்திரை வருவதில்லை.

பதில்: ஆறு வருடம் கடை நடத்தியவருக்கு வரவு செலவு எழுதச் சொல்லித் தரத் தேவையில்லை. முகாமையாளர் கேட்பதும் வழமையானதுதான். உங்கள் நித்திரையைக் கெடுப்பது வங்கி அல்ல. மச்சான் கேட்டதும் கடையின் காசு லாச்சியைத் திறக்கிறீர்கள், அடுத்த நாள் இறைச்சிக்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் புது அட்டை போடுகிறீர்கள். கெடுப்பது இந்தப் பழக்கம்தான்.

நாள் வட்டிக்காரர் ஒரு இலட்சம் தந்து, நாளுக்கு 1,200 படி 100 நாள் வாங்குவார். 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருப்பது 50,000 அளவுதான். அதற்கு மூன்றரை மாதத்தில் 20,000 வட்டி. ஆண்டுக் கணக்கில் 120 வீதத்தைத் தாண்டும். பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து, அட்டையில் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டு அட்டைக்கும் சேர்த்து அவர் கொண்டு போவது உங்கள் கடையின் பாதி இலாபத்துக்கும் மேல்.

கடை திறக்கும் 26 நாளுக்கு மிஞ்சுவது 1,04,000. இரண்டு அட்டைக்கும் 62,400 போனால் கையில் 41,600. வீட்டுச் செலவைச் சிக்கனமாக 60,000 என்று வைத்தாலும் 18,400 துண்டு விழுகிறது. இதற்கு மேல் 20 இலட்சத்தை 14 வீதத்தில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 46,500 அளவில் வரும். அட்டைகள் முடிந்த பிறகும் தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்து 1,06,500. மிஞ்சுவதைவிடக் கூட. ஆகவே 20 இலட்சம் இப்போது வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன 35,000 நல்ல மாதத்துக் கணக்கு. பல்கலைக்கழக விடுமுறையில் மதியச் சோறு எவ்வளவு போகிறது? நல்லூர்க் கோயில் கொடியேறி 25 நாளும் கோழிக்கொத்து யார் கேட்கிறார்கள்? தவணையை அந்த மாதத்து விற்பனையில் வைத்துப் பாருங்கள். வட்டி நிலையானதா, மாறுவதா என்றும் எழுத்தில் கேளுங்கள். 2022 இல் வட்டி 25 வீதத்துக்கு மேல் ஏறியபோது மாறும் வட்டியில் எடுத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? இந்த 60 நாளும் மூன்றாவது அட்டை போடாதீர்கள். வட்டியை முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள், இடையில் முடித்தால் குறைப்பார்களா என்று கேளுங்கள். குறைக்காவிட்டால் அவசரப்பட்டு முடிப்பதில் இலாபமில்லை. வீட்டில் விழும் துண்டுக்கு ஒரு காப்பை வங்கியில் அடைவு வையுங்கள். நகையைக் கொடுக்க மனம் வராது, விளங்குகிறது. ஆனால் அடைவு வட்டி நாள் வட்டிக்குக் கிட்டவும் வராது.

இன்றிலிருந்து விற்பனைக் காசு முழுவதையும் அடுத்த நாள் காலையில் கடைக் கணக்கில் போட்டு, சாமானுக்கு அதிலிருந்தே எடுங்கள். அட்டைகள் முடிந்த கையோடு முகாமையாளரிடம் போய், 8 இலட்சம் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். தவணை 27,300 வரும். வீட்டுச் செலவு போகவும் 16,000 கிட்ட மிஞ்சும். வாடகை முற்பணம், இன்னொரு கொத்துத் தட்டு, பெரிய குளிர்சாதனப் பெட்டி, மேசை கதிரை இவற்றுக்கு அது காணும். ஏ.சி. பிறகு. உறுதிக்குப் பதிலாக அரச உத்தியோகத்தர் இருவரைப் பிணையாக ஏற்பார்களா என்று பேசுங்கள். கணக்கில் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் காசு விழுந்திருந்தால் உங்கள் பேச்சுக்கு எடுப்பு இருக்கும். மனைவியின் வீட்டை ஒரு ஏ.சி. அறைக்காக ஈடு வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

வானை மறந்துவிடுங்கள். ஓடர் வரும் நாளில் வாடகைக்குப் பிடிக்கலாம். லீசிங்காரருக்கு உங்கள் விடுமுறை மாதம் தெரியாது. தவணை தவறினால் வானைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மச்சானுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு எடுக்கும் 60,000 இலிருந்து மாதம் ஒரு தொகையை மனைவியோடு பேசி முடிவெடுத்து, அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அவர் அக்கா; அந்தக் கணக்கு அவருக்கும் தெரிய வேண்டும். கடைக்கு வந்து கேட்டால் "அக்காவிடம் கேள்" என்று அனுப்பிவிடுங்கள். லாச்சித் திறப்பைச் சமையலுக்குப் போகும்போதும் இடுப்பிலேயே வைத்திருங்கள்.